போர்க்களம் இல்லாத போர் நினைவு: திருவண்ணாமலையில் வல்லாள மகாராஜா

தைப்பூசத்தன்று அண்ணாமலையார் திருவண்ணாமலை ஈசானியக் குளத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கிறார். போகும்போது மேளதாளம் உண்டு, திரும்பும்போது இல்லை. தீர்த்தவாரி முடிந்ததும், வல்லாள மகாராஜா போரில் மாண்டுவிட்டார் என்ற செய்தி சுவாமிக்குத் தெரிவிக்கப்படுகிறது. அந்த மன்னருக்குச் சுவாமி மகன் முறை. தந்தை இறந்த செய்தி கேட்ட மகன் வாத்தியம் இல்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, மாசி மகத்தன்று, பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்குப் போய்த் தந்தைக்குத் திதி கொடுக்கிறார்.

இறந்தவர் வரலாற்றில் வாழ்ந்த மனிதர். ஹொய்சள அரசர் மூன்றாம் வீர வல்லாளர், 1342இல் மதுரை சுல்தானின் படையிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு போரின் முடிவை ஒரு நகரம் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் மீண்டும் நிகழ்த்திக் காட்டுகிறது என்றால், அதைப் பக்திச் சடங்கு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. பழைய போர்களை நடித்துக் காட்டும் மரபுகள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் திருவண்ணாமலை செய்திருக்கும் வேலையின் அருமை புரிகிறது. இங்கே போர் காட்டப்படுவதில்லை. போருக்குப் பின் எஞ்சும் கடன் காட்டப்படுகிறது.

பனிக்காலத்துப் படைகள்

பழைய போர்களை அதே உடை, அதே ஆயுதம், அதே அணிவகுப்புடன் நடத்திக் காட்டும் குழுக்கள் மேற்கு நாடுகளில் ஏராளம். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரை நிகழ்த்தும் 'சீல்டு நாட்' என்ற அமைப்பு 1968இல் தொடங்கியது. இத்தகைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கோடையில் நடக்கும். ஆனால் சில போர்கள் குளிரில் நடந்தவை என்பதால் குளிரிலேயே நிகழ்த்தப்படுகின்றன. 1805 டிசம்பர் 2ஆம் தேதி நெப்போலியன் வென்ற ஆஸ்டர்லிட்ஸ் போரை, இன்றைய செக் நாட்டில் அந்தக் களத்தருகே, டிசம்பர் முதல் வாரத்தையொட்டி நிகழ்த்துகிறார்கள். 1776 கிறிஸ்துமஸ் இரவில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை டெலவேர் ஆற்றைக் கடந்ததை அமெரிக்காவில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் நாளிலும் படகோட்டிக் காட்டுகிறார்கள்.

திருவண்ணாமலைக்கு மிக அருகில் வரும் எடுத்துக்காட்டு லண்டனில் இருக்கிறது. 1649 ஜனவரி 30 அன்று மன்னர் முதலாம் சார்லஸ் அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். ஆண்டுதோறும் ஜனவரி இறுதி ஞாயிற்றுக்கிழமை, அந்தக் காலத்துப் படைவீரர் உடையணிந்த 'மன்னர் படை'யினர் வைட்ஹால் தெருவில் அணிவகுத்துச் சென்று, அவர் உயிர் பிரிந்த இடத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். அங்கும் சண்டை இல்லை, துக்கம்தான். ஆனால் துக்கம் காப்பவர்கள் படைவீரர்கள். வாளும் ஈட்டியும் சீருடையும் துக்கத்தின் உடைகளாகின்றன. திருவண்ணாமலையில் படைவீரர் வேடமே கிடையாது. துக்கம் காப்பவர் மகன். அந்த ஒரு மாற்றத்தில் எல்லாமே மாறிவிடுகிறது.

பனிக்காலத்தையும் போரையும் சேர்த்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதும் அன்று. கூதிர்ப் பாசறை தொல்காப்பியம் வகுத்த புறத்துறைகளில் ஒன்று. குளிர்காலத்தில் வீடு திரும்பாமல் படைவீட்டில் தங்கும் அரசனைப் பற்றியது அது. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் மன்னன், வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் உறக்கம் துறந்து, புண்பட்ட வீரர்களைத் தேடிப் போய்ப் பார்க்கிறான். போரைப் பாடும் அந்தப் பாட்டு வெற்றியில் நிற்கவில்லை. காயம்பட்டவர் பக்கத்தில் நிற்கிறது.

மன்னரின் கடைசி ஆண்டுகள்

மூன்றாம் வல்லாளர் 1292 வாக்கில் அரியணை ஏறியவர். தலைநகர் துவாரசமுத்திரம், இன்றைய கர்நாடகத்தின் ஹளேபீடு. 1311இல் மாலிக் காபூரின் படை அந்நகரை முற்றுகையிட்டது. வல்லாளர் பணிந்து திறை கொடுத்து நாட்டைக் காப்பாற்றிக்கொண்டார். 1327 வாக்கில் முகமது பின் துக்ளக்கின் படை துவாரசமுத்திரத்தை மீண்டும் தாக்கியது. நகரம் அழிந்தது. அதன் பிறகு மன்னரின் ஆட்சி மையங்களில் முதன்மையானதாகத் திருவண்ணாமலை உருவெடுத்தது. கன்னட நாட்டுக் கல்வெட்டுகளிலும் இந்த ஊரின் பெயர் அரசிருக்கையாக வரத் தொடங்குகிறது. கோயிலுக்குள் நிற்கும் வல்லாள கோபுரம் அவர் காலத்து அடையாளம்.

1330களின் நடுவில், மதுரையை ஆண்டுவந்த ஜலாலுதீன் அசன் ஷா டெல்லியிடமிருந்து விலகித் தனி சுல்தானானார். திருவண்ணாமலையில் இருந்த வல்லாளருக்கும் மதுரைக்கும் மோதல் தவிர்க்க முடியாததாயிற்று. கடைசிப் போர் திருச்சிக்கு அருகே, சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பத்தில் நடந்தது. ஹொய்சளருக்கு அது அந்நிய மண் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் அவர்களுடைய முன்னோர் வீர சோமேசுவரர் அங்கே இருந்துதான் தமிழ்நாட்டுப் பகுதிகளை ஆண்டார்.

அந்தப் போரை அடுத்துச் சில ஆண்டுகளிலேயே மதுரைக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா அதை விரிவாக எழுதியிருக்கிறார். வல்லாளரின் படையில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள் என்கிறார். அவர்களைத் தவிர இருபதாயிரம் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்றும் சொல்கிறார். மதுரைப் படை ஆறாயிரம். எண்கள் மிகையாக இருக்கலாம். ஆனால் வல்லாளர் பக்கத்திலும் முஸ்லிம் வீரர்கள் நின்றார்கள் என்ற செய்தி, இந்தப் போரை இரண்டு மதங்களின் மோதலாகச் சுருக்க முடியாது என்று காட்டுகிறது.

மதுரைப் படையினர் இருந்த கொப்பம் கோட்டை வல்லாளரின் முற்றுகையில் தவித்தது. கோட்டையை ஒப்படைத்துவிட்டால் உயிருடன் போகலாம் என்று வல்லாளர் வாக்களித்தார். சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்று உள்ளே இருந்தவர்கள் 14 நாள் தவணை வாங்கினார்கள். அந்தத் தவணைக்குள் சுல்தான் கியாசுதீன் தாம்கானி படையுடன் புறப்பட்டு வந்தார். உச்சிப்பொழுதில், ஹொய்சளர் பாசறை ஓய்ந்து குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்த நேரத்தில், தாக்குதல் விழுந்தது. எண்பது வயது வல்லாளர் குதிரையேறித் தப்ப முயன்று பிடிபட்டார். அவருடைய செல்வத்தையும் யானை குதிரைகளையும் பெற்றுக்கொண்ட பிறகு சுல்தான் அவரைக் கொன்றார். உரித்த தோலில் வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தம் கண்ணால் கண்டதாக இபன் பதூதா எழுதுகிறார்.

வரலாறு புராணமானபோது

வல்லாளருக்குப் பின் அவருடைய மகன் விருபாக்ஷர், நான்காம் வல்லாளர் என்ற பெயரில், 1343இல் முடிசூடினார். சில ஆண்டுகளிலேயே ஹொய்சள அரசு மறைந்தது. அதன் நிலப்பரப்பை விஜயநகரம் எடுத்துக்கொண்டது. 1370களில் குமார கம்பணரின் படையெடுப்போடு மதுரை சுல்தானியமும் முடிவுக்கு வந்தது.

இந்த வரலாறு திருவண்ணாமலையில் வேறு உருவம் பெற்றது. எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் வல்லாளருக்கென்றே ஒரு சருக்கம் இருக்கிறது. புராணத்து வல்லாளருக்குப் பிள்ளை இல்லை. அவர் கொடையைச் சோதிக்க இறைவன் சிவனடியாராக வந்து, அன்றிரவு தனக்குத் துணையாக ஒரு கணிகை வேண்டும் என்கிறார். ஊரில் ஒருவரும் கிடைக்காத நிலையில், வாக்குத் தவறக்கூடாது என்று இளைய அரசி சல்லமாதேவி தானே முன்வருகிறாள். அவள் நெருங்கும்போது அடியார் குழந்தையாகிறார். அரசர் குழந்தையை வாரி எடுக்கக் குழந்தை மறைகிறது. மகனாக இருந்து உமக்குரிய கடன்களை நானே செய்வேன் என்று இறைவன் வாக்களிக்கிறார். தெருக்கூத்திலும் வல்லாளன் கதை ஆடப்பட்டு வந்திருக்கிறது.

வரலாற்று வல்லாளருக்கு மகன் இருந்தார். புராண வல்லாளருக்கு இல்லை. இந்த முரண்பாட்டைப் பிழை என்று ஒதுக்குவது எளிது. நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். விருபாக்ஷருக்குப் பின் அந்தக் குலத்தில் அரசு இல்லை. அரசன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் அரச மரியாதையோடு திதி செய்ய நாடும் கருவூலமும் சந்ததியும் வேண்டும். மூன்றும் போயின. அவர் ஆதரித்த கோயில் மட்டும் நின்றது. வாரிசு இல்லாமல் போன அரசருக்குக் கோயில் வாரிசாயிற்று. புராணம் அந்த உண்மையைத்தான் கதையாகச் சொல்கிறது என்பது என் துணிபு.

தேதியிலும் இப்படி ஒரு விலகல் உண்டு. வல்லாளர் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் துருக்கரோடு பொருது மாண்டதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டைக் கொண்டு, அந்த நாளை 1342 செப்டம்பர் என்று கணிக்கிறார்கள். கோயிலோ செய்தியைத் தைப்பூசத்துக்கும் திதியை மாசி மகத்துக்கும் கொடுத்திருக்கிறது. ஆஸ்டர்லிட்ஸ் நிகழ்ச்சியில் தேதிக்கு உள்ள மதிப்பு இங்கே இல்லை. சுவாமி ஏற்கெனவே நீராடப் புறப்படும் இரண்டு பெருநாள்களோடு சாவுச் செய்தியும் நீர்க்கடனும் இணைக்கப்பட்டன. தனி விழாவாக நிறுத்தியிருந்தால், ஆதரிக்கும் அரசு மாறிய ஏதோ ஒரு தலைமுறையில் அது நின்றுபோயிருக்கலாம். தீர்த்தவாரியோடு பிணைந்ததால், தீர்த்தவாரி நடக்கும் வரை வல்லாளரும் நினைக்கப்படுவார்.

நடிப்பின் இலக்கணம்

இந்த நிகழ்த்துதலில் என்னென்ன இருக்கின்றன, என்னென்ன இல்லை என்று பார்ப்போம். செய்தி சொல்பவர் இருக்கிறார். கேட்பவர் இருக்கிறார். ஊர் சாட்சியாக நிற்கிறது. நீர்நிலை, தர்ப்பணம், பிண்டம் ஆகியவை பின்னர் வருகின்றன. வல்லாளர் வேடம் யாரும் கட்டுவதில்லை. வாள் இல்லை, குதிரை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சுல்தான் வேடம் இல்லை. கொன்றவன் யார் என்று காட்டுவதற்கு இந்த நிகழ்ச்சியில் இடமே ஒதுக்கப்படவில்லை.

இந்த இடைவெளியை நான் பெரிதாக மதிக்கிறேன். இபன் பதூதா எழுதியதுபோல அவ்வளவு கொடிய ஒரு முடிவை மேடையேற்றினால் அது ஆண்டுதோறும் பகையைப் புதுப்பிக்கும். மதிலில் தொங்கிய உடல் கூட்டத்தின் கோபத்துக்கு எரிபொருளாகும். திருவண்ணாமலைச் சடங்கு அந்த உடலைக் காட்டாமல், அந்த உடலுக்குக் கிடைக்காமல் போன ஈமக்கடனை ஆண்டுதோறும் செய்கிறது. மதுரை மதிலில் மறுக்கப்பட்டது பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் கொடுக்கப்படுகிறது.

மேளம் நிற்பது இந்த நாடகத்தின் உச்சம். நாகசுரமும் தவிலும் இல்லாமல் சுவாமி புறப்பாடு என்பதே கோயில் வழக்கில் அரிது. ஒலி நின்றதும், சொல்லித் தராமலேயே, துக்கம் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடுகிறது. பீரங்கிப் புகையும் நூற்றுக்கணக்கான சீருடைகளும் செய்ய முயலும் வேலையை இந்தக் கோயில் ஓர் ஒலியை நிறுத்திச் செய்துவிடுகிறது.

நடுகல் நாடு

இந்த மனப்பாங்கு வல்லாளர் காலத்தில் திடீரென்று முளைத்ததில்லை. திருவண்ணாமலையைச் சூழ்ந்த செங்கம், தண்டராம்பட்டுப் பகுதி தமிழகத்திலேயே நடுகற்கள் செறிந்த நிலங்களில் ஒன்று. தமிழகத் தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை 1972இல் வெளியிட்டது. பல்லவர் ஆட்சியாண்டு பொறித்த அந்தக் கற்களில் பெரும்பாலானவை ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் பட்ட சாதாரண வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. கல்லைத் தேர்வது முதல் நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு படிகளைச் சொல்கிறது. போர் நினைவு என்பது இறந்தவனுக்கு நீரும் சோறும் கொடுக்கும் கடமை என்று இந்த மண் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்துவிட்டது. வல்லாளர் திதி அந்தக் கடமையின் அரசவடிவம்.

சண்டையை நேரடியாக நடித்துக் காட்டும் மரபும் இந்த வட்டாரத்தில் உண்டு. ஆனால் அது புராணப் போர். பனி விலகிய பிறகு, திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்துக் கட்டுகிறார்கள். கட்டைக் கிரீடமும் புஜக்கீர்த்தியும் அணிந்த வேடக்காரர்கள் பதினெட்டாம் போரைப் படுகளத்துக்கே கொண்டு வருகிறார்கள். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் மோதுகிறார்கள். துரியோதனன் விழுந்த பிறகு அவனுக்காக ஒப்பாரி வைக்கும் வழக்கமும் உண்டு. திரௌபதி பக்கம் நிற்கும் ஊரே அவளுடைய பகைவனுக்காகவும் அழுகிறது.

ஐப்பசியில் முருகன் கோயில்களில் நடக்கும் சூரசம்ஹாரம் இன்னொரு வகை. பல ஊர்களில் செங்குந்தர்கள் வீரபாகு முதலான நவவீரர் வேடம் பூண்டு, அந்தத் தளபதிகளின் வழிவந்தவர்கள் தாங்கள் என்ற நம்பிக்கையோடு களம் இறங்குகிறார்கள். நெசவுக்குப் பேர்போன இந்தச் சமூகத்தின் முன்னோர் படைவீரர்களாகவும் இருந்தார்கள் என்பதற்குச் சோழர் கல்வெட்டுகளில் வரும் 'தெரிஞ்ச கைக்கோளப் படை' சான்று. மேற்கத்தியக் குழுக்களில் ஆர்வலர்கள் சேருகிறார்கள். யாரும் எந்தப் படையிலும் சேரலாம். இங்கே வேடம் பரம்பரை உரிமை. தறியில் உட்கார்ந்தவர் ஆண்டுக்கொருமுறை தம் பாட்டனின் வாளை எடுத்துப் பார்க்கிறார்.

மறந்த போர்கள்

கண்ணனூர்ப் போர் திருவண்ணாமலையிலிருந்து வெகுதொலைவில் நடந்தது. இந்த ஊரின் வாசலிலேயே நடந்த போர்கள் வேறு. 1767 செப்டம்பரில் முதல் மைசூர்ப் போரின்போது, ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்த படையைக் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலப் படை முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் எதிர்கொண்டு வென்றது. 1753 முதல் 1790 வரை இந்தக் கோயிலே கோட்டையாகப் பயன்பட்டுப் பலமுறை முற்றுகைக்கு ஆளானது. மராட்டியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், கடைசியாகத் திப்பு சுல்தான் என்று படைகள் மாறி மாறி வந்தன. இன்று லட்சக்கணக்கானோர் கார்த்திகை தீபம் காணத் திரளும் அதே மதில்களுக்கு அன்று பீரங்கிகள் குறி வைத்தன.

இவற்றில் எதையும் திருவண்ணாமலை ஆண்டுதோறும் நினைப்பதில்லை. படைத்துறை வரலாற்றில் 1767இன் போருக்கு மிகப் பெரிய இடம் உண்டு. ஊர் நினைவில் அதற்கென ஒரு நாள் இல்லை. காரணம் என்ன? அந்தப் போர்களில் இறந்தவர்களுக்கு இந்த ஊரில் உறவு இல்லை. யார் வென்றாலும் அந்தப் படைகள் கடந்து போயின. இறந்த சிப்பாய்களில் எத்தனையோ பேர் இதே தமிழ் மண்ணின் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். அவர்களுக்கு மகன் முறை சொல்லிக்கொண்டு யாரும் ஆற்றங்கரைக்குப் போகவில்லை. போரின் அளவோ வெற்றியோ நினைவை நிலைநிறுத்துவதில்லை. எனக்கும் இறந்தவனுக்கும் ஓர் உறவு உண்டு என்று சொல்ல ஒருவர் இருக்கும் வரைதான் நினைவு நிற்கிறது. வல்லாளருக்கு அப்படிச் சொல்லக் கடவுளே கிடைத்தார்.

செய்ய வேண்டியவை

கார்த்திகையில் 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் தீபத்தை நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது. தைப்பூசத்தில் மேளம் நிற்பதையும் மாசி மகத் திதியையும் உள்ளூரைத் தாண்டி அறிந்தவர்கள் குறைவு. இந்தச் சடங்கை முழுமையாக ஆவணப்படுத்த வேண்டும். யார் செய்தி சொல்கிறார், என்ன சொற்களில் சொல்கிறார், எந்த இடத்தில் வாத்தியம் நிற்கிறது, ஆற்றங்கரைக் கிராமத்தார் எந்த உரிமையில் பங்கேற்கிறார்கள் என்பனவெல்லாம் எழுத்திலும் ஒலி, ஒளிப் பதிவிலும் நிற்க வேண்டும். கோயிலின் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்டிருக்கிறது. கல்லுக்குக் கிடைத்த கவனம் சடங்குக்கும் கிடைக்க வேண்டும்.

வல்லாள கோபுரத்தருகே அவர் வரலாற்றைச் சொல்லும் விரிவான பலகை வைக்கலாம். புராணக் கதையோடு 1311, 1327, 1342 ஆகிய ஆண்டுகளும், மகன் விருபாக்ஷரும், வல்லாளர் படையில் நின்ற முஸ்லிம் வீரர்களும் அதில் இடம்பெற வேண்டும். கதையும் வரலாறும் ஒரே சுவரில் இருப்பதால் பக்தர் நம்பிக்கை குறைந்துவிடாது. தாம் துக்கம் காக்கும் மனிதர் யார் என்பது அவர்களுக்குத் தெளிவாகும். செங்கம் நடுகற்களையும் 1767 களத்தையும் அதே தகவலோடு இணைத்தால், கிரிவலம் வருவோருக்கு இந்த நிலத்தின் போர் வரலாறு முழுதாகக் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. சுற்றுலாவுக்காக இதை வாள்வீச்சுக் காட்சியாக மாற்றக்கூடாது. சுல்தானையும் வல்லாளரையும் எதிரெதிரே நிறுத்தி ஒளி விளக்குப் போட்டால் கூட்டம் சேரும். ஆனால் ஏழு நூற்றாண்டு காத்த பண்பு ஒரே மாலையில் போய்விடும். போரை எப்படி நினைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தலைமுறையும் கேட்கிறது. யார் வென்றார், யார் கொன்றார் என்று தொடங்கும் நினைவுக்கு எப்போதும் ஓர் எதிரி வேண்டும். இறந்தவருக்குக் கடன் செய்ய யார் இருக்கிறார் என்று தொடங்கும் நினைவுக்கு எதிரி தேவையில்லை, வாரிசு போதும். திருவண்ணாமலை இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டது. அந்தத் தேர்வைப் புரிந்து காப்பது கோயிலுக்கும் ஊருக்கும் ஆய்வாளருக்கும் பொதுவான கடமை.